உரிமம் ஒருவர் பெயரில், கடை இன்னொருவர் கையில்: அமெரிக்கக் கஞ்சாத் தொழிலைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் கஞ்சா இன்று வரி கட்டி விற்கப்படும் சரக்கு. தடைக் காலத்தில் அதற்காகச் சிறை சென்றவர்களில் கறுப்பின மக்களின் பங்கு அவர்களது மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவில் இருந்தது. கஞ்சா வைத்திருந்ததற்காக ஒரு கறுப்பினத்தவர் கைது செய்யப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிட 3.64 மடங்கு அதிகம் என்று அமெரிக்கக் குடிசார் உரிமைகள் சங்கம் (ACLU) 2020இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். எனவே, தொழில் சட்டபூர்வமாகும்போது முதல் வாய்ப்பு பாதிக்கப்பட்டவர்களுக்கே தரப்பட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் சில இடங்களில் திரும்பத் திரும்ப வழுக்கி விழுகிறார்கள்.

முதலாவது, உரிமங்களை எண்ணிப் பார்த்து நீதியை அளப்பது. பாதிக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமையில் தரப்படுவது சமூக நீதி உரிமம். 'அது இத்தனை பேருக்கு வழங்கப்பட்டது' என்ற அரசு அறிவிப்பு, அந்தக் கடையை யார் ஆளுகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. பினாமி என்ற சொல்லை அன்றாடம் புழங்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே பினாமித்தனம் திருட்டுத்தனமாக நடக்க வேண்டியதில்லை. அது வழக்கறிஞர் எழுதிய ஒப்பந்தமாகவே வரும். பங்குகளில் 51 விழுக்காடு உரிமம் பெற்றவரின் பெயரில் இருக்கும். கடையை நடத்தும் பொறுப்பு 'மேலாண்மைச் சேவை' என்ற பெயரில் முதலீட்டாளரின் நிறுவனத்துக்குப் போகும்; அதற்கான கட்டணம் வருமானத்திலிருந்து முதலில் எடுக்கப்படும். கடனைக் கட்டத் தவறினால் பங்குகள் கைமாறும். முன்கூட்டியே குறித்த விலைக்கு மொத்தப் பங்கையும் வாங்கிக்கொள்ளும் உரிமையும் ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கும். இவ்வளவுக்கும் பிறகு அந்த 51 விழுக்காட்டுக்கு மதிப்பு என்ன? நியூயார்க் மாநிலத்தின் விதிகள் பங்குதாரர் பட்டியலோடு நிற்காமல், வருமானத்தில் பங்கோ கட்டுப்பாட்டு அதிகாரமோ உடைய அனைவரையும் வெளிப்படுத்தச் சொல்வது இதனால்தான்.

தகுதியை வரையறுக்கும் வாசகத்தைப் படிக்காமல் விடுவதும் இதே வகையைச் சேர்ந்தது. 2019இல் இல்லினாய் மாநிலம் இயற்றிய சட்டம், பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கும் பழைய கஞ்சா வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை தந்தது. ஆனால் அதே சட்டத்தில், குறைந்தது பத்து முழுநேரப் பணியாளர்களை வைத்து, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அத்தகைய பின்னணி உடையவர்களாக இருந்தால், முதலாளி யாராக இருந்தாலும் சமூக நீதி விண்ணப்பதாரர் ஆகலாம் என்று இன்னொரு வழியும் இருந்தது. பாதிக்கப்பட்டவரைக் கூலிக்கு வைத்துக்கொண்டு அவருடைய முன்னுரிமையை முதலாளி எடுத்துக்கொள்ளும் வழி அது.

காலதாமதத்தை வெறும் நிர்வாகக் கோளாறு என்று கடந்து போவதை இரண்டாவது தவறாகச் சொல்வேன். இல்லினாயில் 2020 ஜனவரி 1 அன்று விற்பனை தொடங்கியபோது கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவை, முன்பே மருத்துவக் கஞ்சா விற்று வந்த நிறுவனங்கள். அவை இரண்டாவது கடை திறக்கவும் சட்டம் இடம் கொடுத்தது. புதியவர்களுக்கான 75 உரிமங்கள் அந்த ஆண்டு மே மாதமே வந்திருக்க வேண்டும். விண்ணப்ப மதிப்பீட்டில் முழுப் புள்ளி பெற்றவர்கள் 21 விண்ணப்பதாரர்கள் மட்டுமே என்று தெரிந்ததும் வழக்குகள் குவிந்தன. சட்டம் திருத்தப்பட்டு, குலுக்கல்கள் 2021இல் நடந்து, முதல் சமூக நீதிக் கடைகள் திறந்தபோது 2022 நவம்பர் ஆகியிருந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பழைய நிறுவனங்களுக்குப் போட்டியே இல்லை. மறுபக்கம் காத்திருந்தவர், வியாபாரம் தொடங்காத இடத்துக்கு வாடகையும் வழக்கறிஞருக்குக் கட்டணமும் கொடுத்துக்கொண்டிருந்தார். மேலே சொன்ன ஒப்பந்தத்தில் அவரைக் கையெழுத்துப் போட வைப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான்.

சட்டத்தில் எழுதிய வரம்பு நடைமுறையிலும் இருக்கும் என்று நம்புவது அடுத்தது. கலிபோர்னியாவில் 2016இல் வாக்காளர்கள் ஏற்ற சட்டம், ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட பெரும் பண்ணைகளுக்கான உரிமத்தை 2023 வரை தள்ளிவைத்தது. வடக்கே ஹம்போல்ட், மென்டசீனோ, டிரினிட்டி மாவட்டங்களில் பல்லாண்டுகளாகப் பயிரிட்டு வந்த சிறு விவசாயிகள் காலூன்ற ஐந்து ஆண்டு அவகாசம் கிடைக்கும் என்பதே எண்ணம். ஆனால் 2017 நவம்பரில் வெளியான அவசர விதிகளில், ஒருவர் எத்தனை சிறு உரிமங்கள் வைத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இல்லை. சிறு உரிமம் ஒன்றுக்கு 10,000 சதுர அடி. நூறு உரிமம் வாங்கினால் பத்து லட்சம் சதுர அடி, அதாவது ஏறத்தாழ 23 ஏக்கர். தெற்கே சான்டா பார்பராவில் இப்படித்தான் உரிமத்தின் மேல் உரிமமாக அடுக்கிப் பெரும் பண்ணைகள் எழுந்தன. நம் ஊரில் நில உச்சவரம்பைத் தாண்ட உறவினர் பெயர்களாவது தேவைப்பட்டன. அங்கே ஒரே பெயரே போதுமானதாக இருந்தது.

பெருநிறுவன ஆதிக்கம் சந்தையின் இயல்பான விளைவு என்று எண்ணுவதும் தவறு. பல இடங்களில் அது சட்டத்தாலேயே விதைக்கப்பட்டது. புளோரிடாவின் 2014ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலத்தில் முப்பது ஆண்டுகள் தொடர்ந்து இயங்கிய, நான்கு லட்சம் செடிகள் வளர்க்கத்தக்க நாற்றங்கால்களுக்கே மருத்துவக் கஞ்சா உரிமம் என்றது, அதுவும் ஐந்துதான். பயிரிடுவது, பக்குவப்படுத்துவது, விற்பது ஆகிய அனைத்தையும் ஒரே நிறுவனமே செய்ய வேண்டும் என்பதால் சிறு முதலீட்டோடு வருபவருக்கு வாசலே இல்லை. கறுப்பின விவசாயி ஒருவருக்கென 2017இல் ஒதுக்கப்பட்ட ஒற்றை உரிமம் 2022இல்தான் வழங்கப்பட்டது. ஒஹையோவில் 2015இல் வந்த முன்மொழிவு இன்னும் வெளிப்படையானது: வணிகப் பயிர் செய்யத்தக்க பத்து நிலங்களை, முதலீட்டாளர்களுக்குச் சொந்தமான அந்த நிலங்களையே, மாநில அரசமைப்பில் எழுதிவைக்கப் பார்த்தது. கஞ்சாவை ஆதரித்த பலரும் சேர்ந்து எதிர்த்ததால் ஏறத்தாழ 64 விழுக்காடு எதிர் வாக்குகளில் அது தோற்றது.

இதற்கு மாற்றே இல்லை என்பதும் சரியன்று. மதுவிலக்கு 1933இல் முடிந்தபோது, சாராயம் காய்ச்சுபவரே கடையையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்க மாநிலங்கள் பலவும் பிரித்துவைத்தன. வாஷிங்டன் மாநிலம் 2012இல் கஞ்சாவுக்கும் அதே பிரிவினையைப் போட்டது. கனடாவின் கியூபெக் மாகாணம் சில்லறை விற்பனை முழுவதையும் அரசுக் கழகத்திடமே வைத்துக்கொண்டது. டாஸ்மாக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

பழியை நிறுவனங்கள் மேல் மட்டுமே போட்டு, ஒன்றிய அரசின் பங்கை மறந்துவிடுவதும் பரவலான தவறு. ஒன்றியச் சட்டம் 1970இல் கஞ்சாவை, போதைப்பொருள்களில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய முதல் பட்டியலில் சேர்த்தது. முதல் இரண்டு பட்டியல்களில் உள்ள பொருளை விற்கும் தொழிலுக்கு, 1982இல் வந்த வருமானவரிச் சட்டப் பிரிவு 280இ, சரக்கின் அடக்கவிலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க விடுவதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கடையின் விற்பனை 100 டாலர்; சரக்கின் அடக்கம் 60; வாடகை, சம்பளம் முதலிய செலவு 30. கையில் நிற்பது 10 டாலர். சாதாரணக் கடை அந்தப் பத்துக்கு 21 விழுக்காடு, அதாவது 2 டாலர் 10 சென்ட் வரி கட்டும். கஞ்சாக் கடை 40 டாலருக்குக் கட்ட வேண்டும்: 8 டாலர் 40 சென்ட். மிஞ்சுவது ஒரு டாலர் 60 சென்ட். பெரும்பாலான வங்கிகளும் கடன் தராத நிலையில் இந்த இழப்பைச் சில ஆண்டுகள் தாங்கக்கூடியவர் யார்? கனடியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டுப் பணம் திரட்டிய, பல மாநிலங்களில் தொழில் நடத்தும் பெருநிறுவனங்கள் தாங்கின. ஒற்றைக் கடைக்காரர் தனியார் கடனுக்குப் போனார். இந்த வரிப் பிரிவு தொடாத மூன்றாம் பட்டியலுக்குக் கஞ்சாவை இறக்க ஒன்றிய அரசின் நீதி அமைச்சகம் முன்மொழிந்தது 2024 மே மாதத்தில். அதற்குள் இப்படிப் பல கடைகள் கைமாறிவிட்டன.

கடைசியாக, மாநிலத் தலைநகரை மட்டும் பார்த்துவிட்டு நகராட்சியைப் பார்க்காமல் விடுவது. மாசசூசெட்ஸில் மாநில உரிமத்துக்கு முன்பே உள்ளூர் நகரத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். அந்தத் தாளில் ஒருவர் கையெழுத்திட்டால்தான் கோப்பு நகரும். ஃபால் ரிவர் நகரின் முன்னாள் மேயர், அத்தகைய கையெழுத்துக்காகக் கஞ்சா நிறுவனங்களிடம் பணம் பறித்த குற்றத்துக்கு 2021இல் தண்டிக்கப்பட்டு ஆறு ஆண்டுச் சிறை பெற்றார். அடுத்த ஆண்டு மாநிலம் சட்டத்தைத் திருத்தி, இந்த ஒப்பந்தங்களைத் தானே பரிசீலிக்கும் அதிகாரத்தைத் தன் கஞ்சாக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்குக் கொடுத்தது.