கம்ப்ரசர் தொட்டித் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள்

பஞ்சர் கடையிலும் பெயின்ட் பட்டறையிலும் பெரும்பாலும் இருப்பது பிஸ்டன் கம்ப்ரசர்தான். பிஸ்டன் இறங்கும்போது காற்றை இழுக்கும், ஏறும்போது அழுத்தித் தொட்டிக்குள் தள்ளும். அழுத்தத்தை அளக்கும் கேஜ் 8 பார் (அழுத்த அலகு) காட்டினால், வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்து, ஏறக்குறைய 9 லிட்டர் வெளிக்காற்று 1 லிட்டருக்குள் அடங்கியிருக்கிறது என்று பொருள். காற்றிலிருந்த ஈரமும் கூடவே வரும். சூடு ஆறியதும் அது தண்ணீராகி அடியில் தேங்கும், மழைக்காலத்தில் இன்னும் அதிகமாக. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே தகடு துருப்பிடித்து மெலிந்துகொண்டே போகும். அப்படி மெலிந்த தொட்டி வெடித்தால் பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

அதனால் வேலை முடிந்ததும் மோட்டாரை நிறுத்தி, அழுத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, அடியிலுள்ள வடிகால் வால்வை மெதுவாகத் திறங்கள். தண்ணீர் நின்று வெறும் காற்று வரும்வரை விடுங்கள். பழுப்பு நிறத்தில் வந்தால் உள்ளே துரு இருக்கிறது. தொட்டியைச் சோதிக்கக் கொடுங்கள். காற்று கசிகிறதே என்று, அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் சேஃப்டி வால்வை மட்டும் தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.

அப்புறம், பிஸ்டன் வகைக்கு இடையிடையே ஓய்வு தேவை. நாள் முழுக்க நிற்காமல் காற்று வேண்டுமென்றால், இரண்டு திருகுகள் பின்னிச் சுழன்று காற்றை நெருக்கும் ஸ்க்ரூ கம்ப்ரசரே சரி.