செயினிலிருந்து ஒளியாண்டுக்கு: கணக்கு சறுக்கும் இடங்கள்

நிலம் அளக்கும் செயினையும் வானியல் அலகையும் (சுமாராகப் பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்) ஒரே கணக்கில் யார் கொண்டுவந்து சேர்ப்பார்கள்? பயிற்சிக் கணக்குகளில் வரும், அலகு மாற்றும் நிரல் எழுத உட்கார்ந்தாலும் வரும். வரப்போரத்தில் கண்ணுக்கே தெரியாத பிழை, சூரியன் வரை இழுத்தால் பூதமாகிவிடும்.

முதலில் 'செயின்' என்ற சொல்லே ஆளை ஏமாற்றும். எட்மண்ட் கன்டர் 1620-ல் கொண்டுவந்த செயின் 66 அடி, அதில் 100 லிங்க் (கண்ணி). பொறியாளர் செயினிலும் 100 லிங்க்தான், ஆனால் நீளம் 100 அடி. மெட்ரிக் செயின் 20 மீட்டரிலும் இருக்கிறது, 30 மீட்டரிலும் இருக்கிறது. கன்டர் செயின் 20.1168 மீட்டர் என்பதால், 'சரி, 20 என்றே வைத்துக்கொள்வோம்' என்று பலர் போட்டுவிடுவார்கள். ஒரு வானியல் அலகு 1,49,59,78,70,700 மீட்டர். 2012-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் வரையறுத்த துல்லியமான எண் இது. கன்டர் செயினில் சுமார் 743.6 கோடி. அதை 20 ஆல் பெருக்கித் திரும்ப மீட்டராக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 8.7 லட்சம் கிலோமீட்டர் காணாமல் போயிருக்கும். நிலவு இருக்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

அடியிலும் இரண்டு வகை உண்டு. சர்வதேச அடி சரியாக 0.3048 மீட்டர். அமெரிக்க சர்வே அடி 1200/3937 மீட்டர். 2022 முடிவோடு அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டாலும் பழைய அளவைப் பதிவுகளில் இன்னும் இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மைலுக்கு 3 மில்லிமீட்டர்தான். ஒரு வானியல் அலகுக்கு அதுவே சுமார் 300 கிலோமீட்டர்.

அப்புறம், 5 செயின் 7 லிங்க் என்பதை 5.7 என்று தட்டும் பழக்கம். நானும் தட்டியிருக்கிறேன். லிங்க் நூறில் ஒரு பங்கு, ஆகவே 5.07. கன்டர் செயினில் அது 102 மீட்டர்; 5.7 என்று போட்டால் 114.7 மீட்டர் ஆகிவிடும்.

வானத்துப் பக்கம் வந்தால், ஒளியாண்டு காலம் அல்ல, ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம் என்பது பலருக்கும் தெரியும். அந்த ஆண்டுக்கு எத்தனை நாள் என்பதில்தான் தடுமாற்றம். 365.25 நாள். கால் நாள்தானே என்று விட்டால், ஒளி அந்த ஆறு மணி நேரத்தில் 43 வானியல் அலகு போய்விடும். நெப்டியூன் இருப்பதே சூரியனிலிருந்து 30 அலகு தொலைவில்தான்.

வானியலின் இன்னொரு தூர அலகான பார்செக் உண்மையில் நில அளவைக்காரர்களின் சொந்தக்காரன். அடிக்கோடு ஒன்றை வைத்து, கோணம் பார்த்து, எட்டாத இடத்தின் தூரத்தைச் சொல்லும் அதே முக்கோண வேலை. ஆனால் இங்கே அடிக்கோடு எது? பூமி ஆறு மாதத்தில் எதிர்ப்பக்கம் போவதால் 2 வானியல் அலகு என்று எடுக்கத் தோன்றும். வரையறையில் இருப்பது 1 அலகு, அதாவது சுற்றுப்பாதையின் விட்டம் அல்ல, ஆரம்; அந்த அடிக்கோட்டுக்கு 1 விகலை (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) கோணம் காட்டும் தூரம்தான் ஒரு பார்செக். பிராக்சிமா சென்டாரி நட்சத்திரத்தின் இடமாறு கோணம் (1 அலகு நகர்ந்து பார்க்கையில் அது இடம் மாறித் தெரியும் கோணம்) 0.768 விகலை, 1-ஐ அதனால் வகுத்தால் 1.30 பார்செக், அதாவது 4.25 ஒளியாண்டு. முழு அலைவான 1.536-ஐப் போட்டால் நட்சத்திரம் பாதி தூரத்துக்கு வந்துவிடும். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பில்லியன் என்றால் 100 கோடி. ஒரு கோடி என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

மாற்றும்போது எல்லாவற்றையும் மீட்டர் வழியாகவே கொண்டுபோங்கள், நடுவில் முழுமையாக்காதீர்கள். கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள். 4.25 ஒளியாண்டைக் கன்டர் செயினாக்கினால் திரையில் பதினாறு இலக்கம் வந்து நிற்கும். உள்ளே போனது மூன்று இலக்கம்தான், ஆகவே விடை 2.00 × 10¹⁵ செயின்.