குட்டி கினிப்பன்றிக்கு உடம்பு சரியில்லையா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

காலையில் பார்க்கும்போது கினிப்பன்றிக் குட்டி ஒன்று மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. முடி சிலிர்த்து நிற்கிறது. வழக்கமாகப் பை சரசரக்கும் சத்தம் கேட்டாலே கீச்சிட்டு ஓடிவரும் குட்டி, இன்று பாதிக் கண்ணைத் திறந்து பார்ப்பதோடு சரி. 'தூக்கக் கலக்கமாக இருக்கும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்' என்று நாமும் கிளம்பிவிடுகிறோம். வளர்க்கத் தொடங்கிய புதிதில் நான் ஒரு குட்டியை இப்படித்தான் இழந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. குட்டிகள் விஷயத்தில் முதல் தவறும் பெரிய தவறும் இந்தக் காத்திருப்புதான்.

கினிப்பன்றி மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. நோயைக் காட்டிக்கொண்டால் ஆபத்து என்பது அதன் இயல்பிலேயே ஊறியது. அதனால் முடிந்தவரை மறைக்கும். நம் கண்ணுக்கே சோர்வு தெரிகிறது என்றால், நோய் வந்து சில நாட்கள்கூட ஆகியிருக்கலாம். பிறக்கும்போது பெரும்பாலான குட்டிகளின் எடை 60 முதல் 100 கிராம்தான். அந்தச் சின்ன உடம்பில் சேமிப்பு என்று எதுவும் இல்லை.

கண்ணை நம்புவதைவிடத் தராசை நம்புவது நல்லது. கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும். ஒரு கிண்ணத்தில் உட்கார வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சில கிராம் ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, குட்டி எவ்வளவு சுறுசுறுப்பாகத் தெரிந்தாலும் ஏதோ சரியில்லை. 'எல்லாக் குட்டிகளும் தட்டைச் சுற்றித்தானே உட்கார்ந்திருக்கின்றன' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நோயுற்ற குட்டியும் கூட்டத்தோடு உட்கார்ந்து, புல்லை வாயில் எடுத்து அப்படியே கீழே போடும். தூரத்திலிருந்து பார்த்தால் சாப்பிடுவது போலவே இருக்கும்.

சாப்பாடு நிற்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? இவற்றின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். நார்ச்சத்து உள்ளே வந்துகொண்டே இருந்தால்தான் அது அசையும். உணவு நின்றால் அசைவு நிற்கும், வாயு சேரும், வலி வரும், வலியால் இன்னும் சாப்பிடாது. கினிப்பன்றியால் வாந்தி எடுக்கவும் முடியாது. அரை நாள் எதுவும் சாப்பிடவில்லை என்றால் அதை அவசர நிலையாகவே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் பதற்றத்தில் நாமே ஊட்டப் போகிறோம். அங்கேதான் அடுத்த தவறு. குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை நிமிர்த்தி, பெரிய சிரிஞ்சால் பீய்ச்சிவிட்டால் உணவு நுரையீரலுக்குப் போய்விடும். நிமோனியாவுக்கு நாமே வழி செய்தது போலாகிவிடும். குட்டியை ஒரு துண்டின் மேல் இயல்பாக உட்கார வைத்து, ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சை வாயின் ஓரமாக, முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் வையுங்கள். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. அது மென்று விழுங்கும் வரை காத்திருந்து, அப்புறம் அடுத்தது. பொறுமை வேண்டிய வேலை. ஒரே மூச்சில் நிறையக் கொடுப்பதை விட, பகலிலும் இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதே பயன் தரும்.

எதைக் கொடுப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. பசும்பால், சர்க்கரைத் தண்ணீர், பிஸ்கட் கரைசல் எதுவும் வேண்டாம். சர்க்கரையும் மாவுச்சத்தும் குடலில் வாயுவைக் கிளப்பும் கிருமிகளுக்குத்தான் தீனி. தாவர உண்ணிகளுக்கென்று நார்ச்சத்தோடு தயாரித்த மீட்பு உணவுப் பொடி மருத்துவரிடம் கிடைக்கும். அது கைக்கு வரும்வரை, வழக்கமான பெல்லட்டை (உலர் தீவன உருண்டையை) வெந்நீரில் ஊறவைத்து, ஆறவிட்டு, கூழாக மசித்துக் கொடுக்கலாம். ஆனால் இரண்டு நிலைகளில் ஊட்டவே கூடாது. வயிறு முரசு போல விறைத்து உப்பியிருந்தால் முதலில் மருத்துவர்தான். குட்டி சில்லென்று துவண்டு கிடந்தால் முதலில் சூடு, பிறகுதான் உணவு. குளிர்ந்த உடம்பால் விழுங்கவும் முடியாது, செரிக்கவும் முடியாது.

அந்தச் சூட்டையும் அளவாகத்தான் கொடுக்க வேண்டும். கினிப்பன்றியின் இயல்பான உடல் வெப்பம் 37.2 முதல் 39.5 டிகிரி செல்சியஸ். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள், மறுபக்கம் குளிர்ச்சியாகவே இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். வெயிலில் வைப்பதும், தலைக்கு மேல் பல்பை எரியவிடுவதும், போர்வையால் மூடிவிடுவதும் ஆபத்து. குளிரைப் போலவே வெப்பமும் இவற்றுக்கு எமன்தான்.

இப்போது நான் மிகவும் பயப்படும் விஷயம்: வீட்டு மருந்துப் பெட்டி. பூனைக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறது, எடைக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்ற பென்சிலின் வகைகளும், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் கினிப்பன்றியைக் கொன்றுவிடக்கூடியவை. அளவைக் குறைப்பது தீர்வாகாது. இவற்றின் குடலில் செரிமானத்தை நடத்தும் நல்ல பாக்டீரியாக்களை அந்த மருந்து அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கும். சில நாட்களில் வயிற்றுப்போக்கு தொடங்கி உயிர் போய்விடும். நோயால் செத்தது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

நாய், பூனைகளையே பெரும்பாலும் பார்க்கும் மருத்துவரிடம் போனால், 'இது கினிப்பன்றிக்கு ஏற்ற மருந்துதானா, பென்சிலின் வகை இல்லையே?' என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மனிதர்களுக்கான வலி மாத்திரைகளையும் தொடாதீர்கள். நாய்க்கான உண்ணி மருந்தும் அப்படித்தான். குட்டி விடாமல் சொறிந்து, வலிப்பு வந்தது போலத் துடித்தால் சொறிப்பேன் காரணமாக இருக்கலாம். அதற்கான மருந்தை எடை பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வைட்டமின் சி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1907இல் நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவு மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றுக்கு மனிதர்களைப் போலவே ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், வந்தது. நம்மைப் போலவே இவற்றாலும் வைட்டமின் சியை உடம்பிலேயே தயாரித்துக்கொள்ள முடியாது. நன்றாக இருக்கும் கினிப்பன்றிக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் சுமார் 10 மில்லிகிராம் தேவை. வளரும் குட்டிக்கும் நோயுற்ற குட்டிக்கும் இன்னும் அதிகம், 30 வரைகூடப் போகும். தொட்டால் கத்துவது, மூட்டு வீங்குவது, நகர மறுப்பது எல்லாம் குறைபாட்டின் அடையாளங்களாக இருக்கலாம். 'சோம்பேறிக் குட்டி' என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

பலரும் வைட்டமின் சொட்டைத் தண்ணீர் பாட்டிலில் கலந்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். வெளிச்சத்திலும் காற்றிலும் அது வேகமாகச் சிதைந்துவிடும். சுவை மாறுவதால் குட்டி தண்ணீரையே குறைத்துக்கொள்ளும், உடம்பு சரியில்லாத குட்டி இன்னும் குறைத்துக்கொள்ளும். நேராக வாயில் கொடுப்பதுதான் உறுதியான வழி. பல வைட்டமின்கள் கலந்த சொட்டு வேண்டாம், அதிலுள்ள வைட்டமின் ஏவும் வைட்டமின் டியும் உடம்பில் தேங்கித் தீங்கு செய்யும். பெல்லட்டில் சி இருக்கிறது என்று எழுதியிருந்தாலும், தயாரித்து 3 மாதங்கள் கடந்துவிட்டால் அதை நம்ப முடியாது.

மூக்கு ஒழுகினால் 'சாதாரணச் சளிதான்' என்று விடக்கூடாது. கினிப்பன்றி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. மூக்கு அடைத்தால் மூச்சே திண்டாட்டம், சாப்பிடவும் முடியாது. நிமோனியாவை உண்டாக்கும் போர்டெடெல்லா என்ற கிருமியை முயல்களும் நாய்களும் எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்து திரியும். முயலோடு சேர்த்து வளர்க்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். தைலம் தடவுவது, ஆவி பிடிக்க வைப்பது இரண்டும் வேண்டாம்.

குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றால் மணிக்கணக்கில் நிலைமை மாறும். கீரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே முடிவு கட்டாமல், புதிதாகப் போட்ட சாணத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். குடல் ஒட்டுண்ணியா என்று மருத்துவர் பார்க்க அது உதவும். அழுக்கான குட்டியைக் குளிப்பாட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

தொற்று பயத்தில் குட்டியைத் தன்னந்தனியாக வேறு அறையில் போட்டுவிடுவதும் நடக்கிறது. சளி, நிமோனியா, படர்தாமரை போன்ற தொற்று என்றால் பிரிக்கத்தான் வேண்டும். நலமாக இருப்பவற்றுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, கடைசியில் நோயுற்றதைக் கவனித்து, கையைக் கழுவிக்கொள்ளுங்கள். படர்தாமரை நமக்கும் ஒட்டும். தொற்று இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால் தாயையோ உடன்பிறந்த குட்டியையோ கூடவே விடுங்கள். இவை கூட்டமாக வாழ்பவை, தனிமையில் இன்னும் சோர்ந்துபோகும்.

தேறும்போது ஒரு தவறு காத்திருக்கிறது. குட்டி ஒரு துண்டு புல்லைத் தானாகக் கடித்ததும் சந்தோஷத்தில் சிரிஞ்சைத் தூக்கி வைத்துவிடுகிறோம், மருந்தையும் பாதியில் நிறுத்திவிடுகிறோம். மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். ஊட்டுவதை ஒரு வேளை குறைத்து, மறுநாள் தராசைப் பாருங்கள். எடை ஏறியிருந்தால் இன்னொரு வேளையைக் குறைக்கலாம். அப்படியே நின்றிருந்தால், விட்ட வேளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.