தாயை இழந்த பிள்ளை யாரிடம்? பதினாறாம் நாளிலேயே தொடங்கும் தவறுகள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள், நகை யாருக்கு, பிள்ளை யாருக்கு என்று ஒரே மூச்சில் பேசி முடித்துவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கணவனைப் பிரிந்து, பிறந்த வீட்டிலிருந்து பிள்ளையை வளர்த்துவந்த பெண் இறந்துபோனால் அந்தப் பேச்சில் சூடு இன்னும் கூடும். ஊர்ப் பெரியவர்கள் ஒரு முத்திரைத்தாளை வாங்கி, "குழந்தை இனி தாய்வழிப் பாட்டி வீட்டில்தான் வளரும், தகப்பனுக்கு உரிமை இல்லை" என்று எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். குடும்பங்கள் செய்யும் முதல் தவறு இதுதான். பிள்ளையைப் பற்றிய அப்படிப்பட்ட ஒப்பந்தம் எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாது. நீதிபதி பார்ப்பது பிள்ளையின் நலனை. 1956ஆம் ஆண்டின் இந்து மைனர் காப்பாளர் சட்டம், பிரிவு 13, அதையே முதன்மையாக வைக்கச் சொல்கிறது.

தாய்வழி உறவினர்கள் பெரும்பாலும் நம்பி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "விவாகரத்துத் தீர்ப்பிலேயே பிள்ளை எங்கள் மகளிடம் என்று சொல்லியாகிவிட்டது, அவள் போனபின் அது எங்களுக்குத்தானே" என்பார்கள். அந்தத் தீர்ப்பு அவளுக்குத் தரப்பட்டது. சொத்தைப்போல அது பெற்றோருக்கு இறங்காது. இந்துச் சட்டப்படி தந்தை இயற்கைக் காப்பாளர், அதாவது நீதிமன்றம் நியமிக்காமலேயே பிள்ளைக்குப் பொறுப்பான கார்டியன். விவாகரத்து ஆனாலும் அந்த நிலை மாறாது. மகள் உயிலில் தன் தாயைக் கார்டியனாக எழுதிவைத்திருந்தாலும், தகுதி இழக்காத தந்தை உயிரோடு இருக்கும்வரை அந்த நியமனத்துக்கு வலுவில்லை. ஆனாலும் அப்படி எழுதிவைப்பது வீண் என்று நான் சொல்லமாட்டேன். காப்பாளரை நியமிக்கும்போது இறந்த பெற்றோரின் விருப்பத்தையும் பார்க்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், பிரிவு 17, சொல்கிறது. நோயில் படுத்திருக்கும் தாய் தன் கைப்பட எழுதிய இரண்டு பக்கம், நீதிபதியின் மேசையில் பேசும்.

தகப்பன்மார் செய்யும் தவறு வேறு வகை. சட்டம் தன் பக்கம் என்று கேள்விப்பட்டதும், பள்ளி வாசலிலிருந்து பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். தாயைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகாத குழந்தை, இப்போது பாட்டியையும் சித்தியையும் தெருவையும் ஒரே நாளில் இழக்கிறது. இதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. நாளை வழக்கு வந்தால் அந்தத் தந்தைக்கு எதிராக நிற்கப்போவதும் இந்தச் செயல்தான்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2019இல் தேஜஸ்வினி கவுட் வழக்கு. தாய் புற்றுநோயில் இறந்தார், தந்தையும் அந்தக் காலத்தில் கடுமையாக நோயுற்றிருந்தார், கைக்குழந்தை தாயின் உடன்பிறந்தவர்களிடம் வளர்ந்தது. நீதிபதி ஆர். பானுமதி அடங்கிய அமர்வு குழந்தையைத் தந்தையிடம் தந்தது. வளர்த்த உறவினர்கள் வந்து பார்ப்பதற்கும் வழி வைத்தது. 2008இல் நீல்ரத்தன் குண்டு என்ற தாத்தாவின் வழக்கு. மகள் இறந்த வழக்கில் மருமகன் மீது குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தது, பேரன் தாத்தா பாட்டியிடமே இருக்க விரும்பினான்; உச்ச நீதிமன்றம் அவர்களிடமே விட்டது. ஆகவே "தகப்பனுக்குத்தான் கிடைக்கும்", "வளர்த்தவருக்குத்தான் கிடைக்கும்" என்று யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வருமானத்தைக் காட்டி வென்றுவிடலாம் என்ற எண்ணமும் அப்படியே. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குஜராத் சிறுவனை, அரசு வேலையில் இருந்த சித்திக்குப் பதிலாக, 71 வயதுத் தாத்தாவிடமும் 63 வயதுப் பாட்டியிடமும் 2022இல் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது.

இன்னொரு தவறு, எதையும் தாக்கல் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது. வங்கியில், பாஸ்போர்ட் அலுவலகத்தில் "கார்டியன் யார்?" என்று கேட்கும்போதுதான் விழிக்கிறார்கள். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய குடும்ப நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். வழக்குக்காகவே பிள்ளையை வேறு ஊருக்கு மாற்றுவது எடுபடாது. காவல் நிலையம் இதைத் தீர்மானிக்கும் இடமும் இல்லை. முஸ்லிம் குடும்பங்களுக்கு வளர்ப்பு உரிமையில் தனிமுறை உண்டு; ஹனஃபி என்ற சட்டப்பிரிவின் வழியில், சிறு குழந்தையை வளர்க்கும் உரிமை தாய்க்குப் பின் தாய்வழிப் பாட்டிக்கு வருகிறது. உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நகைக்கு வருகிறேன். இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகிறது. விவாகரத்து ஆகியிருந்தால் பிள்ளைகளுக்கு மட்டும். பிள்ளை இருக்கும்போது பெற்றோர் வாரிசு இல்லை. "நாங்கள் போட்ட நகைதானே" என்று தாத்தா விற்றால், அவர் விற்பது பேத்தியின் பொருளை. தகப்பனும் கவனிக்க வேண்டும்: பிள்ளையின் பங்குக்கு வரும் வீட்டையோ நிலத்தையோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை 18 வயதானபின் அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம்.

நீதிபதி பிள்ளையைத் தனியறையில் அழைத்துப் பேசுவார் என்று தெரிந்ததும், வரிவரியாகச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஏழு வயதுக் குழந்தை பெரியவர்களின் சொற்களைப் பேசினால் அறையில் இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும். அதைவிடக் கொடுமை, அப்பாவை வெறுத்தால்தான் பாட்டிக்குப் பிடிக்கும் என்று அந்தப் பிஞ்சு மனதில் பதிந்துவிடுவது. "அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்" என்ற பொய்யையும் விட்டுவிடுங்கள். அம்மா இறந்துவிட்டாள் என்று நம்பிக்கையான ஒருவர் மடியில் வைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம்.

தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும், பிள்ளையை ஒப்படைக்கும் நாளில் தடுப்பூசி அட்டையையும் மருந்துச் சீட்டையும் கொடுங்கள். இரவில் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும், எதைக் கண்டால் பயப்படும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அது போர்த்திக்கொண்டு தூங்கும் அம்மாவின் பழைய புடவையைத் துவைக்காமல் பையில் வையுங்கள்.