பொசைடன் வழிபாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் திரிசூலம், பின்னால் அலை, கீழே ‘கிரேக்கக் கடல் கடவுள்’ என்று ஒரு வரி. பண்டைக் கிரேக்கர்களின் பொசைடன் வழிபாட்டைப் பற்றி எழுதும்போது இதோடு நிறுத்திவிடுவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. கடலே கண்ணில் படாத ஆர்க்கேடியா மலைநாட்டில், மாண்டினேயா ஊருக்குப் பக்கத்தில், அவருக்குக் கோயில் இருந்தது. அங்கே அவர் குதிரைகளின் பொசைடன். அதற்கும் வெகுகாலம் முன்பு, கி.மு. 1200 வாக்கில், தென்மேற்குக் கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனைக் களிமண் பலகைகளில் அவர் பெயருக்கு நேரே கோதுமை, திராட்சை மது, காளை, பாலாடைக்கட்டி, தேன் என்று படையல் கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

நிலத்தை ஆட்டுபவர் என்பதுதான் கிரேக்கக் காவியக் கவிஞர் ஹோமர் அவருக்குத் திரும்பத் திரும்பத் தரும் அடைமொழி. அது வெறும் கவிதை அலங்காரம் என்று கடந்துவிட வேண்டாம். கி.மு. 388இல் ஸ்பார்ட்டா அரசன் அகெசிபோலிஸ் ஆர்கோஸ் நாட்டுக்குள் படையெடுத்த முதல் நாள் இரவு, உணவு முடிந்து கடவுளுக்கு மது வார்த்ததும் பூமி அதிர்ந்தது. அரச கூடாரத்தில் இருந்தவர்கள் பொசைடனுக்குத் துதிப்பாடல் தொடங்க, படை முழுவதும் சேர்ந்து பாடியது. திரும்பிப் போய்விடுவோம் என்று வீரர்கள் நினைத்தார்கள். அரசனோ, ‘நுழையும் முன் அதிர்ந்திருந்தால் தடை, நுழைந்த பின் அதிர்ந்ததால் ஊக்கம்’ என்று விளக்கம் சொல்லி, மறுநாள் பொசைடனுக்குப் பலியிட்டுவிட்டு முன்னேறினான். (கெட்டிக்காரன்!) கி.மு. 373இல் நிலநடுக்கத்தில் ஹெலிகே நகரம் கடலுக்குள் போனபோதும், பொசைடனின் கோபம் என்றே கிரேக்கர்கள் பேசிக்கொண்டார்கள்.

எந்தப் பொசைடன் என்பதை விட்டுவிட்டு எழுதுவது அடுத்த தவறு. நிலம் உறுதியாக நிற்க ‘அஸ்ஃபாலெயோஸ்’, குதிரைக்கு ‘ஹிப்பியோஸ்’, பயிர் பச்சைக்கு ‘ஃபைடால்மியோஸ்’. கி.மு. 480இல் பாரசீகக் கப்பல்கள் புயலில் சிதைந்த செய்தி கேட்டதும் கிரேக்கர்கள் ‘சோட்டேர்’, அதாவது காப்பவர், என்ற பெயரில் அவருக்கு மது வார்த்தார்கள். பெயர் மாறினால் வேண்டுதலும் மாறும், பல இடங்களில் பலியும் மாறும்.

பலியைப் பற்றித்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். விலங்கைக் கடலில் தள்ளுவதே வழக்கம் என்று நினைப்பது தவறு. சாதாரண முறை வேறு: கையலம்பி, வாற்கோதுமை தூவி, விலங்கின் நெற்றி மயிரைக் கொஞ்சம் வெட்டித் தீயிலிட்டு, பிறகு கழுத்தை அறுப்பார்கள். தொடையெலும்பைக் கொழுப்பில் சுற்றி எரிப்பது கடவுளின் பங்கு. ஈரல் முதலான உள்ளுறுப்புகளைக் கம்பியில் கோத்துச் சுட்டு முதலில் உண்பார்கள். மிச்ச இறைச்சி கூடியிருப்பவர்களுக்குப் பங்காகும். ஹோமரின் ஒடிசி காவியத்தில் பைலோஸ் கடற்கரை விருந்தும் இப்படித்தான்: 9 கூட்டங்கள், கூட்டம் ஒவ்வொன்றுக்கும் 500 பேர், 9 காளைகள். நீரில் இடுவதும் உண்டு. ஆர்கோஸ் மக்கள் கடலுக்குள் பொங்கும் நன்னீர் ஊற்றில் கடிவாளம் பூட்டிய குதிரைகளை இட்டார்கள். அலெக்சாந்தர் சிந்து முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய், காளைகளைப் பலியிட்டு நீரில் எறிந்தார். இவை தனித்துச் சொல்லப்படக் காரணமே அவை அரிதானவை என்பதுதான்.

ஹோமர் சொல்லும் கருங்காளையைப் பொது விதி ஆக்குவதும் சரியல்ல. கி.மு. 200ஐ ஒட்டிய மிக்கோனோஸ் தீவுக் கல்வெட்டு, காயடிக்காத வெள்ளைக் கிடாயைக் கேட்கிறது. கடல் கடவுள் என்பதால் மீனைப் படைத்திருப்பார்கள் என்று ஊகிக்கவும் கூடாது. கிரேக்கப் பலியில் மீன் அபூர்வம். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா பகுதியின் ஹலாய் ஊர் மீனவர்கள் முதலில் பிடித்த சூரை மீனை அவருக்குக் கொடுத்தது தெரிந்த விதிவிலக்கு.

நம் பழக்கத்தில் கோயில் என்றதும் கருவறை முன் நிற்கும் கூட்டம் நினைவுக்கு வரும். அட்டிகாவின் சூனியோன் முனையில் உள்ள பொசைடனின் பளிங்குக் கோயிலை அப்படிக் கற்பனை செய்தால் காட்சி பிசகும். கிரேக்கக் கோயில் சிலை இருக்கும் வீடு. பலிபீடம் வெளியே, திறந்த வானத்தின் கீழ். கூட்டமும் புகையும் அங்கேதான்.

கப்பல் பருவம் தொடங்கும்போது அவருக்குப் பெருவிழா என்று எழுதுபவர்கள் ஏதென்ஸ் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். அவர் பெயர் தாங்கிய பொசைடியோன் மாதம் டிசம்பர்–ஜனவரியை ஒட்டியது, கடற்பயணம் பெரும்பாலும் முடங்கியிருக்கும் குளிர்காலம். மாதந்தோறும் 8ஆம் நாளும் அங்கே அவருக்குரியது. ஜூலை 23 என்று எங்காவது கண்டால் அது ரோமானியக் கடல் கடவுள் நெப்டியூனின் விழா. அதைத் தூக்கி இங்கே வைக்கக்கூடாது.

கடைசியாகப் படம். ஆர்டெமிசியோன் முனைக்கு அருகே 1920களில் கடலிலிருந்து எடுத்த, 2.09 மீட்டர் உயர வெண்கலச் சிலையைக் கண்ணை மூடிக்கொண்டு ‘பொசைடன்’ என்று போட்டுவிடுகிறார்கள். கையில் இருந்த ஆயுதம் கிடைக்கவில்லை. அது திரிசூலமாக இருந்தால் சிலையின் முகத்தையே மறைத்திருக்கும்; அதனால் கிரேக்கக் கடவுளரின் அரசனான, இடியேந்திய ஜீயஸ் என்பதே பலரின் முடிவு. வழிபாட்டைக் காட்டத்தான் படம் வேண்டுமென்றால் கொரிந்துக்கு அருகே பென்டெஸ்கூஃபியாவில் கிடைத்த சுடுமண் காணிக்கைப் பலகைகளைத் தேடுங்கள். சிலவற்றில் பொசைடன் திரிசூலத்துடன் நிற்கிறார், பெயரும் எழுதியிருக்கிறது. வேறு பலவற்றில் குயவர்கள் மண் தோண்டுகிறார்கள், சூளைக்குத் தீ மூட்டுகிறார்கள்.