வாவி மீன்களில் ஒட்டுண்ணி தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறுதியாண்டு மாணவர்கள் மட்டக்களப்பின் பாலமீன்மடுவிலும் உன்னிச்சைக் குளத்திலும் மீன் சேகரிக்கத் தொடங்கும் காலத்தில் என் பொறுமை குறைந்துவிடும். வெளியிலிருந்து வந்த திலாப்பியாவும் எட்ரோபிளஸ் போன்ற நம் மீன்களும் ஒட்டுண்ணிகளைப் பரிமாறிக்கொள்கின்றனவா என்பதே பலருடைய தலைப்பு. நல்ல கேள்விதான். லேபல் நனைந்து அழிவது, கத்தி மழுங்குவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் தாமே திருந்திக்கொள்வார்கள்.

எல்லா மீனையும் ஒரே வாளியில் போடுவது

இதற்குத்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவி நுணுக்குக்காட்டியிலிருந்து துள்ளி எழுந்தாள். "மிஸ், திலாப்பியாவிலும் எட்ரோபிளஸிலும் ஒரே மீன்பேன்! ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவியிருக்கிறது."

தாவியிருக்கலாம். வாவியிலா, வாளியிலா?

மீன்பேன், அதாவது ஆர்குலஸ், நன்றாக நீந்தும். பெண் பேன் முட்டையிடுவதற்காகவே மீனை விட்டிறங்கிக் கல்லையோ கட்டையையோ தேடிப்போகும். ஏறியிருந்த மீன் செத்தால் அடுத்த உடலைத் தேடும். தோலிலும் செவுளிலும் வாழும் ட்ரைகோடினா என்ற ஒருகல உயிரியும் நீர்வழியே பரவும். வாளியில் நெருக்கியடித்துக் கிடக்கும் மீன்களுக்கிடையே இதெல்லாம் சாவகாசமாக நடக்கிறது. பிறகு படகுக் கூலி, ஐஸ், வீச்சு வலைக்காரருக்குக் கொடுத்த பணம் எல்லாம் வீண். எந்தப் புள்ளியியல் சோதனையாலும் அந்தத் தரவை மீட்க முடியாது. நங்கூரப்புழுவில் மட்டும் இந்தச் சந்தேகம் குறைவு. முதிர்ந்த பெண் புழு தலையைத் தசைக்குள் ஊன்றிவிட்டிருக்கும்.

வலையிலிருந்து எடுத்தவுடன் ஒரு மீனுக்கு ஒரு பை. பையில் தேங்கிய நீரையும் நுண்வலையில் வடித்துப் பாருங்கள். கழன்று விழுந்தவை அங்கேதான் இருக்கும். வலைக்குள்ளேயே சில தாவியிருக்கலாம் என்பதை அறிக்கையில் ஒளிக்காதீர்கள்.

திலாப்பியாவை முதலிலேயே குற்றவாளியாக்குவது

மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்கு வந்தது 1952இல். எட்ரோபிளஸும் அதே சிக்லிட் குடும்பம் என்பதால் ஒட்டுண்ணி இடம் மாறுவதில் வியப்பில்லை. எந்தத் திசையில் என்பதுதான் சிக்கல். வேற்றிடங்களில் குடியேறிய 26 விலங்கினங்களை வைத்து 2003இல் வெளியான ஆய்வின்படி, தாயகத்தில் சராசரியாக 16 ஒட்டுண்ணி இனங்களைச் சுமந்த விலங்கு புதிய இடத்துக்கு ஏறக்குறைய மூன்றையே கொண்டுவந்தது. நான்கை அங்கேயே பெற்றுக்கொண்டது. உள்ளூர் ஒட்டுண்ணி வந்தேறியின் உடலில் பெருகி, உள்ளூர் மீனுக்கே திரும்புவதும் நடக்கும். மறுபுறம், ஆசிய விலாங்குடன் 1980களில் ஐரோப்பா போன காற்றுப்பைப் புழு அங்குள்ள விலாங்குகளைக் கடுமையாகப் பாதித்தது. திலாப்பியா இல்லாத நீர்நிலையோடு ஒப்பிடாமல், மரபணுவும் பார்க்காமல், "திலாப்பியா கொண்டுவந்தது" என்று எழுதினால் நான் கையொப்பமிட மாட்டேன்.

பூச்சியத்தை எழுதாமல் விடுவது

ஒட்டுண்ணி இல்லாத மீனும் தரவுதான். எழுதுங்கள்.

குஞ்சுத் திலாப்பியாவை முதிர்ந்த எட்ரோபிளஸோடு ஒப்பிடுவது

வயது கூடக்கூட ஒட்டுண்ணியும் சேரும். நீங்கள் அளந்தது வயதை.

ஈர வலையோடு அடுத்த குளத்துக்குப் போவது

உன்னிச்சையில் நனைந்த வலையை நவகிரிக் குளத்தில் வீசினால் ஒட்டுண்ணியைக் கடத்துவது நீங்கள்தான். வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகு புறப்படுங்கள்.