பதவி இல்லாட்டியும் பரவாயில்லை: மூச்சு வருத்தக்காரருக்காக வார்ட்டில வாய் திறக்கிறது எப்பிடி

அமெரிக்காவில ரெஸ்பிரேற்றரி தெரபிஸ்ட் எண்டு இதுக்கெண்டே படிச்ச ஆக்கள் இருக்கினம், வென்டிலேற்றர் பாக்கிறது, ஒக்சிசன் ஏத்தி இறக்கிறது, பம்ப் (வாயால இழுக்கிற இன்ஹேலர்) அடிக்கப் பழக்கிறது எல்லாம் அவையின்ர வேலை. ஆதியில சிலிண்டர் உருட்டித் திரிஞ்ச ஆக்கள்தான், 1947இல சிக்காகோவில சங்கமாச் சேந்து படிப்பு, சோதனை எண்டு ஒவ்வொண்டாக் கேட்டு வாங்கி இண்டைக்கு அலாஸ்காவைத் தவிர மற்ற எல்லா மாநிலத்திலயும் லைசென்ஸ் வரைக்கும் வந்திட்டினம். எங்கட யாழ்ப்பாணப் பக்கம் பெரியாஸ்பத்திரி எண்டாலும் சரி பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி எண்டாலும் சரி அந்த வேலை பிசியோவுக்குக் கொஞ்சம், ஐசியு மிஸிமாருக்கு (தாதிமாருக்கு) கொஞ்சம், டொக்டர்மாருக்குக் கொஞ்சம் எண்டு பிரிஞ்சு கிடக்கு, எல்லாருக்கும் பொதுவான வேலை எண்டால் ஒருத்தரும் தங்கட எண்டு பிடிக்காத வேலை எண்டுதான் அர்த்தம். அதைப் பிடிக்கிற ஆளா, மிஸியோ பிசியோவோ, நீங்கள் எப்பிடி ஆகிறது எண்டுதான் இதில சொல்லப்போறன், அதுக்கு ஓடர் ஒண்டும் வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ.

முதல்ல ஒரேயொரு விஷயத்தை எடுங்கோ. "சுவாசப் பிரிவைத் தரமுயர்த்த வேணும்" எண்டு கடிதம் எழுதினால் அது ஃபைலுக்குள்ள போய் நித்திரை கொள்ளும். என்னைக் கேட்டால் பம்ப்பிலதான் தொடங்கச் சொல்லுவன், ஏனெண்டால் காசு போகாது, ஒருத்தரின்ர அதிகாரத்திலயும் கை வைக்காது, பிழை கண்ணுக்கு முன்னால தெரியும்.

கிளினிக் நாளில வாங்கில இருக்கிற ஒரு ஐயாவிட்டப் போய் "ஐயா, நீங்கள் வீட்டில அடிக்கிற மாதிரி ஒருக்கா அடிச்சுக் காட்டுங்கோ" எண்டு மட்டும் கேளுங்கோ, "ஒழுங்கா அடிக்கிறீங்களோ" எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். அவர் சேட் பொக்கற்றுக்குள்ள இருந்து பொலித்தீன் பையில சுத்தின நீலப் பம்ப்பை எடுப்பார், குலுக்க மாட்டார், வாயை ஆவெண்டு திறந்து டப் டப் எண்டு ரெண்டு தரம் அடிச்சுப்போட்டு உடன மூக்கால விடுவார், அந்த வெள்ளைப் புகை அப்பிடியே முகத்துக்கு முன்னால போகும், மருந்து அவ்வளவும் போச்சு. ரொட்டாஹேலரில போட்டு இழுக்க வேண்டிய குளிசையைத் தண்ணியோட விழுங்குற ஆக்களும் இருக்கினம், சிரிக்காதேங்கோ, குளிசை எண்டு குடுத்தால் விழுங்கத்தானே செய்வினம்.

உடன திருத்தப் போகாதேங்கோ, முதல் எழுதுங்கோ. ஒரு கொப்பியில கோடு போட்டு, குலுக்கினவரோ, முதல் மூச்சை வெளிய விட்டவரோ, உதட்டை இறுக்கி மூடினவரோ, ஆறுதலா இழுக்கத் தொடங்கேக்க ஒருதரம் மட்டும் அமத்தினவரோ, பத்து செக்கன் அடக்கி வைச்சவரோ, ரெண்டாவது தரத்துக்கு முதல் அரை நிமிஷமாவது விட்டவரோ, பிரௌன் பம்ப் (ஸ்டீரொயிட் மருந்து) எண்டால் கடைசியில வாய் கொப்புளிச்சவரோ எண்டு சரி, பிழை போடுங்கோ. பேர் வேண்டாம், வயசும் வருத்தமும் காணும். எழுதினாப் பிறகு பழக்குங்கோ, அடுத்த கிளினிக்குக்கு வரேக்க திரும்ப அடிச்சுக் காட்டச் சொல்லி அதையும் எழுதுங்கோ. முப்பது நாப்பது பேர் சேந்தால் உங்கட கையில இருக்கிறது முறைப்பாடு இல்லை, கணக்கு, முறைப்பாட்டோட போறவரை மேலதிகாரி தள்ளிவிடலாம், கணக்கோட போறவரிட்டக் கேள்வி கேட்டே ஆகவேணும்.

இனி ஆரிட்டப் போறது எண்டதில கனபேர் சறுக்கிறவை. நேரா பணிப்பாளரிட்டப் போனால் வார்ட் சிஸ்டர் முகத்தைத் திருப்புவா, பிறகு ஒண்டும் நடக்காது. சிஸ்டருக்குத்தான் முதல் காட்டுங்கோ, "சிஸ்டர், உங்கட கிளினிக்கில எடுத்த கணக்கு, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ" எண்டு, பிறகு கன்சல்டன்டுக்கு, பிறகு குவாலிட்டி மனேஜ்மென்ட் யூனிட்டுக்கு. அவையளுக்கு மேல காட்ட ஏதாவது வேணும், நீங்கள் கொண்டு போறது அவையளுக்கும் உதவும். கேக்கிறதும் சின்னனா இருக்கட்டும், கிளினிக் நாளில ஒரு மேசை, ஒரு மணித்தியாலம், வெறும் பம்ப் ஒண்டு, ரெண்டு ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் இடையில பூட்டுற குழாய்), அவ்வளவுதான். ஸ்பேசர் இல்லை எண்டு சொன்னால் 500 மில்லிலீற்றர் தண்ணிப் போத்தலின்ர அடியில பம்ப்பின்ர வாய் அளவுக்கு ஓட்டை போட்டே செய்யலாம், தென்னாபிரிக்காவில பிள்ளையளுக்குப் பாவிச்சுப் பாத்து நல்லா வேலை செய்யுது எண்டு காட்டின முறை அது. சவுக்காரத் தண்ணியில கழுவிக் காய விடுங்கோ, துணியால துடைக்க வேண்டாம், துடைச்சால் மருந்து சுவரில ஒட்டும்.

அடுத்தது டொக்டர்மார் கட்டில் கட்டிலாப் பாத்துக்கொண்டு வாற வார்ட் ரவுண்டில கதைக்கிறது, இதுதான் வயித்தைக் கலக்கிற இடம். சேர் முன்னுக்குப் போறார், பின்னால பத்துப்பேர், உங்களுக்கு மட்டும் தெரியுது அந்தக் கட்டில் ஐயாவுக்கு ஒக்சிசன் கூடிப்போச்சு எண்டு. "சேர், இது பிழை" எண்டு சொல்ல ஏலாது, சொல்லவும் வேண்டாம். கண்டதைச் சொல்லி, நினைக்கிறதைச் சொல்லி, கேள்வியில முடியுங்கோ: "சேர், பன்ரெண்டாம் கட்டில் ஐயா சிஓபிடி, மாஸ்க்கில எட்டு லீற்றர் போகுது, சற்றுரேஷன் 98, விடியத்தில இருந்து தூங்கித் தூங்கி விழுறார், எனக்குக் கவலையா இருக்கு, 88க்கும் 92க்கும் இடையில வாற மாதிரிக் குறைக்கட்டோ, ஒருக்கா ஏபிஜி எடுப்பமோ?" (சிஓபிடி எண்டது நாள்பட்ட மூச்சடைப்பு வருத்தம், சற்றுரேஷன் ரத்தத்தில இருக்கிற ஒக்சிசன் வீதம், ஏபிஜி ரத்தத்தில வாயு அளவு பாக்கிற சோதனை.) ஒரு மூச்சில சொல்லி முடிக்கலாம், ஆரின்ர மரியாதையும் குறையாது, "ஓம்" எண்டு சொல்ல அவருக்கும் லேசு. கேக்காத மாதிரிப் போனால் இன்னொருக்காச் சொல்லுங்கோ, அதுக்கும் ஒண்டுமில்லை எண்டால் எம்.ஓவிட்ட (வார்ட் டொக்டரிட்ட) தனியச் சொல்லி, நேரத்தோட நோட்டில எழுதுங்கோ.

சின்னச் சின்ன வேலையளுக்கு ஓடரே தேவையில்லை. வென்டிலேற்றரில இருக்கிற ஆளின்ர தலைப்பக்கம் 30 தொடக்கம் 45 பாகையில இருக்க வேணும் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனால் கண்ணால மட்டுக்கட்டினால் அனேகமாக் குறைவாத்தான் இருக்கும், ஒருநாள் அளந்து கட்டில் சட்டத்தில 30 பாகைக்கு நேர ஒரு சிவப்பு ரேப் ஒட்டிவிடுங்கோ, இரவு ட்யூட்டிக்கு வாற அட்டெண்டன்டும் பாத்து உயர்த்துவார். அதே மாதிரித்தான் நோயாளியை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தி அனுப்பிற நேரத்து ஒக்சிசன் கணக்கும். 1360 லீற்றர் பிடிக்கிற சிலிண்டர் நிறைய இருந்தால் நிமிஷத்துக்கு 10 லீற்றருக்கு 136 நிமிஷம், முள்ளு அரைவாசியில நிண்டால் 68 நிமிஷம், பருத்தித்துறையில இருந்து யாழ்ப்பாணத்துக்குக் கிட்டத்தட்ட 35 கிலோமீற்றர், ஏத்தி இறக்கிற நேரம், வாசலில நிக்கிற நேரம் எல்லாம் சேத்தால் அந்த 68 காணுமோ? இந்தக் கணக்கை ஒரு மட்டையில எழுதி சிலிண்டரின்ர கழுத்தில கட்டிவிடுறதும் தலைமைதான், ஆரும் கைதட்ட மாட்டினம் எண்டது வேற கதை. நெடுந்தீவு ஆக்களைப் பற்றி யோசிச்சால், அங்க படகு ஏறுற நேரத்தையும் கூட்டவேணும்.

வெளியில கதைக்கிறதுக்கு ஆள் தேவையெண்டால் நோயாளியளையே முன்னுக்கு விடுங்கோ. சுருட்டு, விறகடுப்பு, வளவுக்குள்ள குப்பை கொளுத்துறது, இதுகளைப் பற்றி நாங்கள் சொன்னால் புத்திமதி, முப்பது வருஷம் சுருட்டுப் பத்தி இப்ப படலை வரைக்கும் நடக்க மூச்சு வாங்குற ஆள் சொன்னால் சனம் கேக்கும். மே மாதம் முதல் செவ்வாய் உலக ஆஸ்துமா நாள், நவம்பர் மூண்டாம் புதன் சிஓபிடி நாள், ரெண்டு மாசம் முந்தியே எம்ஓஎச்சிட்டயும் (சுகாதார வைத்திய அதிகாரியிட்டயும்) பள்ளிக்கூட அதிபரிட்டயும் கதைச்சு வையுங்கோ, முட்டுக்காரப் பிள்ளை ஓடி விளையாடேக்க இழுத்தால் ரீச்சர் என்ன செய்ய வேணும், எப்ப 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேணும் எண்டு காட்டவே அரை மணித்தியாலம் காணும். பேப்பருக்கு எழுத ஆசை எண்டால் முதல் பணிப்பாளரிட்ட அனுமதி எடுங்கோ, அரசாங்க உத்தியோகத்தருக்கு தாபன விதிக்கோவை எண்டு வேலைச் சட்டதிட்டம் இருக்கு, நல்லது சொல்லப்போய் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம். உங்கட கொப்பிக் கணக்கை யாழ்ப்பாண மருத்துவ சங்கத்தின்ர வருடாந்த அமர்வுக்கு ஒரு போஸ்டராக் குடுத்துப் பாக்கலாம், ஒரு டொக்டரைச் சேத்துக்கொண்டால் வாசல் லேசாத் திறக்கும், ஆனால் கணக்கு எடுத்த மிஸியின்ர, பிசியோவின்ர பேர் அதில இருக்க வேணும் எண்டு தொடக்கத்திலயே கதைச்சு வையுங்கோ, பிறகு கேக்கிறது மரியாதையா இராது.

"இல்லை" எண்டு வந்தால் ஏன் எண்டு கேளுங்கோ. காசோ, ஆளோ, இடமோ எண்டு தெரிஞ்சால் அடுத்த தரம் அதுக்குப் பதிலோட போகலாம், மேசை இல்லை எண்டால் வாங்கிலிலயே தொடங்கலாம், திரும்ப எப்ப வரட்டும் எண்டு திகதி ஒண்டு வாங்காமல் எழும்பாதேங்கோ.

இன்னொண்டு, எப்பிடியும் ஒருநாள் இடமாற்றம் வரும். நீங்கள் போன அடுத்த கிழமையே அந்த மேசையில சோத்துப் பார்சல் வைப்பினம், அதால தொடங்கின முதல் மாசத்திலயே ரெண்டு பேரைப் பழக்குங்கோ, ஒருத்தர் காணாது, அவவும் லீவில போவா. கொப்பி உங்கட ஹான்ட்பாக்கில இருக்கக்கூடாது, கிளினிக் அலுமாரியில இருக்க வேணும், திறப்பு எங்க எண்டு மூண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்க வேணும்.